நடக்காத விபத்து

எங்கள் பஸ் டிப்போவில் யார் அதிகம் பேசுவார் என்று கேட்டால் மெக்கானிக் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோரும் கண்டக்டரான என்னைத்தான் காட்டுவார்கள். அதனால், சக ஊழியர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்க ஓர் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது, மேனேஜர் என்னைக் கூப்பிட்டது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி அது. பெங்களூரில் அரசு பஸ் ஓட்டுவது வருஷத்துக்கு வருஷம் கடினமாகிக்கொண்டிருந்தது. ரோடு பழைய ரோடுதான். வண்டிகள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. டிரைவர்களில் சிலர் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றார்கள். ஒருவர் ஏதோ சின்னத் தகராறில் ஒரு பயணியை அறைந்துவிட்டு, அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே அழுதார். அதற்கெல்லாம் மருந்தாகத்தான் அந்த உத்தரவு வந்திருக்க வேண்டும்.

"என்ன சார் வேலை?" என்றேன்.

மேனேஜர் கன்னடக்காரர். என்னிடம் தமிழும் கன்னடமுமாகக் கலந்துதான் பேசுவார். "கேக்கறதுதான் வேலை."

"என்ன சார் கேக்கணும்?"

"அதை அங்க போய்க் கேளு."

தமிழானாலும் கன்னடமானாலும், கேள்வி போடுவதற்கும் காது கொடுப்பதற்கும் ஒரே சொல்தான். நான் கேள்வி போடுவது என்றே எடுத்துக்கொண்டேன். அது எனக்குப் பிறவியிலேயே வந்தது. பயணி கையில் ஒரு பொட்டலம் இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு டிக்கெட் கிழிக்க வராது. பொம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் தெரியும். சந்தோஷமாகக் கிளம்பிப் போனேன்.

பயிற்சி ஒரு பெரிய மனநல மருத்துவமனையின் வளாகத்துக்குள் நடந்தது. மரங்கள் அடர்ந்த இடம். போலீஸ், மின்சாரம், குடிநீர் என்று பல துறைகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நடத்தியது ஒரு மேடம். காட்டன் புடவை, மெதுவான பேச்சு. முதல் நாளே எங்களை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். ஒருவர் தன் மனதில் இருக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு எதிரே உட்கார்ந்தவர் ஒரு பெண் போலீஸ். காலையில் வேலைக்குக் கிளம்புவதே பாரமாக இருக்கிறது, கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று ஆரம்பித்தார். அவர் மூச்சு வாங்குவதற்குள் நான் நுழைந்துவிட்டேன்.

"எங்க ஏரியாவுல நல்ல கிரெஷ் ஒண்ணு இருக்கும்மா. எனக்குத் தெரிஞ்சவங்கதான் நடத்தறாங்க. நான் சொல்லிவிடறேன்..."

மேடம் பின்னால் வந்து நின்றிருக்கிறார். "அவங்க கிரெஷ் கேட்டாங்களா?" என்றார்.

நான் விழித்தேன். அந்தப் பெண் போலீஸ் சிரித்துவிட்டார். "கிரெஷ் எனக்கும் தெரியும் சார். எங்க ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு."

"அப்புறம்?" என்றேன்.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். "மொதல்ல எல்லாம் நான் கிளம்பும்போது அழுவா. இப்ப அழறதில்ல. டாட்டா காட்டறா. அதுதான் எனக்குத் தாங்கல."

என் மனதில் அப்படி ஒரு பதில் வந்திருக்கவே வந்திருக்காது. இவ்வளவு காலமும் ஆட்களிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டதெல்லாம் நானே பாதி ஊகித்த விஷயங்கள்தானோ என்று அன்றைக்குத் தோன்றியது. வாயை மூடிக்கொண்டால் இன்னும் சுவாரசியமான விஷயங்கள் வெளியே வரும் போலிருக்கிறதே என்று எனக்கு ஒரு புது ஆவல் பிறந்தது. பயிற்சியின் நோக்கம் அதுவல்ல என்று தெரியும். ஆனால் என்னை அதற்குள் இழுத்தது அந்த ஆவல்தான்.

மீதி நாட்களில் மேடம் சொல்லிக்கொடுத்தவை எல்லாம் எளிமையானவை. புத்தி சொல்லாதே. "இதெல்லாம் ஒரு கஷ்டமா" என்று சொல்லாதே. கேட்டதை வெளியே சொல்லாதே. ஒருவருக்குச் சாகிற எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேட்டுவிடு. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்று சொன்னால் மட்டும் ரகசியம் கிடையாது. தனியாக விடாமல் எங்களிடம் கூட்டிக்கொண்டு வா. நீ டாக்டர் இல்லை, வாசல் வரைக்கும் கூட நடக்கிற ஆள், அவ்வளவுதான் என்றார்.

டிப்போவில் எனக்கு டயர் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். டயர் வாசனை எப்போதும் இருக்கும். நம்பர் எழுதுகிற பெயின்டர் கதவின் மேல் கன்னடத்தில் 'கஷ்ட சுக' என்று எழுதி, ஓரத்தில் ஒரு ரோஜாப்பூவும் வரைந்து கொடுத்தார். என் ஷிப்டு முடிந்ததும் அங்கே போய் உட்காருவேன். யாரும் வரவில்லை. வந்தவர்களும் டிரான்ஸ்பருக்கு யாரைப் பார்க்க வேண்டும், பி.எப். லோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்க வந்தவர்கள். முதுகுக்குப் பின்னால் என்னை 'ஹுச்சாஸ்பத்திரி கண்டக்டர்' என்றார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி கண்டக்டர். மேனேஜருக்கு வேவு பார்க்கிறேன் என்றும் ஒரு பேச்சு ஓடியது. அதைச் சொன்னவர்களிடம் எனக்குக் கோபம் வரவில்லை. டிப்போவிலேயே பெரிய வாயாடியிடம் போய் யார் ரகசியம் சொல்வார்கள்?

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதுதான் என் டிரைவர் என்னை விட்டுப் போனார்.

என் டிரைவர் என்றால், பல வருஷம் ஒரே பஸ்ஸில் என்னோடு ஓடியவர். சிவாஜிநகரில் கிளம்பி தொம்மலூர் வழியாகக் கிழக்கே போகும் ரூட் எங்களுடையது. கோலார் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தெலுங்கு, என்னோடு தமிழ். என்னைவிட மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை, பெங்களூர்க்காரர்கள் எல்லோரும் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி, குரு என்பார். நான் பேசிக்கொண்டே வருவேன், அவர் ஓட்டிக்கொண்டே வருவார். அவர் கையில் வண்டி ஒருவரையும் உரசியதில்லை.

அவர் திடீரென்று வேறு ஒருவரிடம் ஷெட்யூலை மாற்றிக்கொண்டு மார்க்கெட் ரூட்டுக்குப் போய்விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது. என் பேச்சு தாங்காமல் போய்விட்டாரோ என்றுகூட நினைத்தேன். சில வாரம் கழித்து மார்க்கெட் ரூட்டில் டைவர்ஷன் வந்து வண்டிகளை தொம்மலூர் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார். மறுநாளும் போட்டார்.

கேன்டீனில் இதற்குள் கதை கட்டிவிட்டார்கள். தொம்மலூரில் யாருக்கோ பணம் தர வேண்டும் என்றார் ஒருவர். "பணம் இல்லப்பா, பொம்பள விஷயம்" என்றார் இன்னொருவர். பழைய நானாக இருந்தால் தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் இறங்கி வெற்றிலைக் கடை வரைக்கும் விசாரித்திருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தப் பெண் போலீஸின் முகம் ஞாபகம் வந்ததால் விசாரிக்கவில்லை.

அதற்குப் பதிலாக, வண்டி கழுவுகிற இடத்துக்குப் பின்னால் ஒரு புங்கமரத்தடியில் அவர் தனியாகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்ததால், நானும் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அது பட்டினி கிடப்பது மாதிரி இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு ஒரு நாள் அவரே கேட்டார்.

"ஏன் குரு, வாய்ல புண்ணா?"

"இல்லண்ணா. சும்மாதான்."

"ஆஸ்பத்திரில இதைத்தான் கத்துக்குடுத்தாங்களா?"

"ஆமாண்ணா. ரொம்பக் கஷ்டம்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குப் போகவில்லை.

"ஒண்ணும் ஆகல குரு," என்றார். "அதான் கஷ்டம்."

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"தொம்மலூர்ல அன்னிக்கி பிரேக் போட்டேன்ல?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவர் பிரேக் போடாத நாள் ஏது? பிறகு ஞாபகம் வந்தது. ஒரு நாள் சாயங்காலம் தொம்மலூரில் வண்டி குலுங்கி நின்றது. நான் பின்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். நின்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஒரு அம்மாவின் பையிலிருந்த தக்காளி எல்லாம் சீட்டுக்கு அடியில் உருண்டது. "டிரைவர் என்ன தூங்கறாரா?" என்று யாரோ கத்தினார்கள். நான் அந்த அம்மாவோடு சேர்ந்து தக்காளி பொறுக்கினேன். பிறகு விசில் கொடுத்தேன், வண்டி கிளம்பியது. எனக்கு அந்தச் சம்பவம் அவ்வளவுதான். வீட்டில் சொல்லக்கூட இல்லை.

அவர் சொன்னது வேறு. நின்றுகொண்டிருந்த ஒரு டெம்போவுக்குப் பின்னாலிருந்து, யூனிபார்ம் போட்ட ஒரு சின்னப் பெண் உருண்டு ஓடிய வாட்டர் பாட்டிலைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்குள் வந்துவிட்டாள். அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றபோது அந்தக் குழந்தை முன்கண்ணாடிக்குக் கீழே வந்துவிட்டது. டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் அந்த இடம் தெரியாது.

"கீழ இருக்கா, முன்னாடி இருக்கா, தெரியல குரு. இன்ஜின் ஓடுது. ஜனங்க கத்தறாங்க. எனக்கு எதுவும் தெரியல. அப்புறம் அந்தப் பக்கமா வந்துச்சு. குனிஞ்சு பாட்டிலை எடுத்துக்கிச்சு. போயிடுச்சு. திரும்பிக்கூடப் பாக்கல."

மறுபடியும் சொன்னார். "நெஜத்துல அந்தப் பக்கமா வந்துடுச்சு. ஆனா எனக்கு இன்னும் வரல. கண்ணை மூடினா கண்ணாடி தெரியுது, கீழ போகுது, வெளிய வரவே மாட்டேங்குது. தொம்மலூர் வந்தாலே வலது கால் ஆடுது. தூக்கத்துல கட்டில் காலை ஒதைக்கிறேனாம், வீட்ல சொல்றா."

'ஒண்ணும் ஆகலையே அண்ணா, விடுங்க' என்று என் வாய் வரைக்கும் வந்தது. அதை முழுங்கினேன். அதைத்தானே அவர் தனக்குத் தானே இத்தனை நாளும் சொல்லிப் பார்த்திருப்பார்.

"யார்கிட்டயும் சொல்லலையாண்ணா?"

"என்னன்னு சொல்றது? ஆக்சிடென்ட் ஆனா கேஸ் உண்டு, லீவு உண்டு, யூனியன்காரன் வருவான். ஆகாததுக்கு என்ன இருக்கு? நீயே அதே வண்டில இருந்தே. உனக்கே தெரியல."

உண்மைதான். ஒரே பஸ், ஒரே நொடி. முன்னால் இருந்தவருக்கு அது முடியவே இல்லை. பின்னால் இருந்த எனக்குத் தக்காளியோடு முடிந்துவிட்டது. அந்த விசித்திரம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மேடம் சொன்னபடி, தயக்கமாக இருந்தாலும் நேராகவே கேட்டேன். "அண்ணா, செத்துடலாம்னு ஏதாவது தோணுதா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அய்யய்யோ. பேடா, வேண்டாம் குரு. அதெல்லாம் இல்ல. லைசென்ஸைக் கிழிச்சுப் போட்டுட்டு ஊருக்குப் போயிடலாம்னு தோணுது." பிறகு, "கேட்டியே, பரவால்ல," என்றபடி முதல் கவளத்தை வாயில் போட்டார்.

மருத்துவமனைக்குப் போகலாம் என்றபோது மட்டும் அவர் மறுத்துவிட்டார். "அந்த கேட்டுக்குள்ள போனா அப்புறம் என் கைல ஸ்டியரிங்கைக் குடுப்பாங்களா?" அந்தப் பயம் வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியாது. "மேனேஜரையே கேட்டுடலாம்ணா. நீங்க சரின்னாதான்" என்றேன். யோசித்து, மறு வாரம் சரி என்றார்.

மேனேஜர் அறையில் என் டிரைவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மேனேஜர் புருவத்தைச் சுருக்கினார்.

"இத்தனை வருஷத்துல எத்தனை ஆக்சிடென்ட் பண்ணியிருக்கே?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அன்னிக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகல சார்."

"அப்புறம் என்ன பிரச்னை?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்: "நான் நல்லா ஓட்டறதால ஆகலைன்னு நெனச்சிட்டிருந்தேன் சார். அன்னிக்கி கொழந்தை தப்பிச்சது நான் ஓட்டினதால இல்ல. அது ஒரு அடி இந்தப் பக்கம் வந்திருந்தா முடிஞ்சது. அது தெரிஞ்சப்புறம் எப்படி சார் ஓட்டறது?"

மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். நாற்காலியைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். டிரைவர்களை அவர் உட்காரச் சொல்லி நான் பார்த்ததில்லை. "டாக்டர் எழுதிக் குடுத்தா ஷன்டிங் தரேன். ரூட்டுக்குத் திரும்ப வரதும் டாக்டர் சொல்றப்ப. நடுவுல யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க" என்றார். ஷன்டிங் என்றால் டிப்போவுக்குள்ளேயே வண்டிகளை டீசல் போட, கழுவ, நிறுத்த என்று ஓட்டுகிற வேலை. ரோட்டுக்கே போக வேண்டாம்.

மருத்துவமனையில் வெளிநோயாளிகள் வரிசை நீளமாக இருந்தது. சங்கிலியும் கூச்சலும் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர் மாதிரி அவர் என் தோளை ஒட்டியே நின்றார். சுற்றிலும் தூக்குப்பாத்திரத்தோடு குடும்பங்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், கடலை கொறித்துக்கொண்டு ஒரு புதுமாப்பிள்ளை. "எல்லாரும் நம்ம பஸ்ல வர ஜனங்க மாதிரியே இருக்காங்க" என்றார் ஆச்சரியமாக. பார்த்தது ஒரு இளம் டாக்டர். அவரும் நிறையப் பேசவில்லை. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதினார். வாரம் ஒரு முறை வரச் சொன்னார். அடுத்த முறை மனைவியையும் கூட்டி வரச் சொன்னார். கொஞ்ச நாள் கழித்து, வண்டியில்லாமல் சும்மா தொம்மலூருக்குப் போய் நின்று பார்க்கச் சொன்னார்.

வார விடுமுறையில் இருவரும் போனோம். ரோட்டோரக் கடையில் டீயை வாங்கிக்கொண்டு நின்றோம். முதல் முறை ஒரு பஸ் வந்து நிற்பதற்குள் அவர் டீ பாதி கையில் கொட்டிவிட்டது. கிளம்பிவிட்டோம். அடுத்த முறை கூடுதலாக நின்றோம். அதற்கடுத்த முறை அவருக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டார். "பாரு, இவன் லேட்டா மிதிக்கிறான்", "அந்தாளு நல்லா எடுக்கறான்" என்று வருகிற வண்டிகளை எல்லாம் மதிப்பிட ஆரம்பித்தார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வரைக்கும் நின்றுவிட்டோம். அந்தக் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எனக்கு அதைவிட அதிகமாக இருந்தது. பள்ளி விட்டதும் ரோடு நிறையப் பெண் குழந்தைகள். எல்லோருக்கும் ஒரே யூனிபார்ம், ஒரே மாதிரி ரெட்டை ஜடை, முக்கால்வாசிப் பேர் கழுத்தில் வாட்டர் பாட்டில்.

"இதுல எது அண்ணா?"

அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "தெரியல குரு. எல்லாமே அதுவா இருக்குது." அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பல மாதம் கழித்து நான் கேட்ட சிரிப்பு. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷன்டிங்கில் இருந்தவரிடம் மற்ற டிரைவர்கள் என்ன விஷயம் என்று கேட்காமல் இருப்பார்களா? அவர் மறைக்கவில்லை. கேன்டீனில் ஒரு மத்தியானம் முழுக்கச் சொன்னார். கிண்டல் வரும் என்று நான் பயந்தேன். கிண்டல் வரவில்லை. பிறகு அவரைப் பற்றிப் பொம்பள விஷயம் என்று கதை கட்டினாரே, அவரே சொன்னார்: "எனக்கு ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு கெழவர். குடை பிடிச்சிட்டு நடு ரோட்ல. மழை வந்தா இப்பவும் குடையைப் பாத்தா ஆக்சிலேட்டர்லேந்து காலை எடுத்துடறேன்." இன்னொருவருக்கு ஒரு சைக்கிள். இன்னொருவருக்கு ஒரு கன்றுக்குட்டி. அவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டார். அந்தக் கேன்டீனில் எத்தனை வருஷமாக டீ குடித்திருக்கிறேன்! நடந்த விபத்துகள் எல்லாம் எனக்குத் தெரியும். நடக்காத விபத்துகள் இத்தனை இருக்கின்றன என்று தெரியவே தெரியாது.

அதற்குப் பிறகு ஆட்கள் என்னிடமும் வந்தார்கள். டயர் ஸ்டோர் அறைக்கு அல்ல, புங்கமரத்தடிக்கு. சிலர் குடியைப் பற்றி, சிலர் வீட்டைப் பற்றி. இரண்டொருவரை நான் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். ஒருவர் பாதியில் விட்டுவிட்டு, வேலையையும் விட்டுப் போனார். எங்கே போனார் என்று தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.

என் டிரைவர் சில மாதத்துக்குப் பிறகு டாக்டர் சீட்டோடு ரூட்டுக்குத் திரும்பினார். முதலில் சின்ன ரூட், பிறகு மார்க்கெட். கால் ஆடுகிற நாட்கள் இருந்தன. அன்றைக்குக் காலையிலேயே என்னிடம் வந்து, "இன்னிக்கி கொஞ்சம் ஆடுது குரு" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி எடுப்பார். நான் சரிண்ணா என்பேன். அவ்வளவுதான் எங்கள் வைத்தியம். ரொம்ப ஆடினால் அவரே ஷன்டிங் கேட்டு வாங்கிக்கொள்வார். கடைசியில் எங்கள் பழைய ரூட்டையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அதற்குள் எனக்கு வேறு டிரைவர் அமைந்துவிட்டிருந்தார்.

மாத்திரையா, டீக்கடையில் நின்றதா, கேன்டீனில் எல்லோரும் சொன்ன கதைகளா, எது அவரைச் சரிசெய்தது என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. டாக்டரிடமே கேட்டேன். "உங்களுக்கு எது தோணுது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். பிறகு ஒரு நாள் என் டிரைவரிடமே கேட்டேன்.

"தெரியாது குரு," என்றார். "நேத்து ராத்திரி சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்துச்சு, நாலு ட்ரிப்பு தொம்மலூர் வழியாப் போயிருக்கேன்னு. போகும்போது ஞாபகமே இல்ல. சோத்தைப் பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டேன். 'என்ன, உப்பு இல்லையா?'ன்னு வீட்ல கேட்டா. இருக்குன்னேன்."